மாமியாருக்குப் போட்ட சீயக்காய்

கண் ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த மறுநாள் காலையில் எங்க வீட்டுக்காரர் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார். விலைக்கு வாங்க வந்தவர் மாதிரி ஒவ்வொரு சுவராக நின்று நின்று பார்த்தார். மூன்று வருடமாக அவருக்கு எல்லாமே பனிமூட்டம்தான்.

"ஏ புள்ள, இந்தச் செவுரு பச்சையா? நான் நீலம்னு இல்ல நெனச்சிட்டு இருந்தேன்."

"கல்யாணத்தப்போ நான் செவப்பா இருக்கேன்னு நெனச்சீங்களே, அது மாதிரிதான்," என்றேன்.

"இரு, எல்லாத்தையும் பாத்துட்டு கடைசியா உன்னைப் பாக்கறேன். மொதல்லயே பாத்துட்டு கண்ணு திரும்பக் கெட்டுப்போச்சுன்னா?" என்றார்.

எங்கள் வீட்டில் காலை வணக்கம் இப்படித்தான் நடக்கும்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றவரிடம் வெகுநேரம் சத்தமில்லை. திரும்பிப் பார்த்தேன். அங்கே மாட்டியிருக்கும் போட்டோவின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்றிருந்தார்.

அது அவருடைய அம்மாவின் போட்டோ. அவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். எடுத்தது அந்த ஒரே படம்தான். சேலை தெரியும், கழுத்துச் சங்கிலி தெரியும், மடியில் வைத்த கை தெரியும், உட்கார்ந்த நாற்காலியின் கால்கூடத் தெரியும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு தேய்ந்த வட்டம்.

"கண்ணு சரியாயிட்டா அம்மா கொஞ்சமாச்சும் தெரிவான்னு நெனச்சேன்," என்றார். "முன்ன ஏதோ லேசாத் தெரிஞ்ச மாதிரியே ஒரு ஞாபகம், இந்த மூணு வருசமா என் கண்ணுலதான் பாதிக் கோளாறுன்னு நெனச்சிட்டு இருந்தேன். இங்க ஒண்ணுமே இல்லையே, புள்ள."

எதற்கும் பதில் வைத்திருக்கிற நான் கீரைக்கட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். காரணம் உண்டு. அந்த முகத்தை அழித்தவள் நான்தான்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் நாத்தனார்களைப் பற்றி நான் சொல்லச் சொல்லப் பேரன் எழுதியதற்கு இரண்டு பேரும் போன் போட்டுத் திட்டினார்கள். இந்த வாரம் அவர்கள் சந்தோஷமாகப் படிக்கலாம். திட்டு வாங்கப்போவது நான்.

அழுக்கு என்று நினைத்தது

நான் வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு மாதத்தில் பொங்கல் வந்தது. வீட்டில் மாமனார், இவர், கல்யாணம் ஆகாத நாத்தனார்கள் இரண்டு பேர். சுண்ணாம்பு அடிப்பதற்காக வீட்டிலிருந்த எல்லாச் சாமானையும் வாசலில் எடுத்துப் போட்டார்கள். புது மருமகள் கை எப்படி என்று ஊர் பார்க்கும் நாள் அது.

புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளைக் குடத்தைத் தேய்த்தேன். குடம் பளபளத்தது. "பரவாயில்லையே" என்றார் மாமனார். அந்த ஒரு வார்த்தைதான் வினை. இன்னும் ஒரு "பரவாயில்லையே" வாங்க வேண்டும் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தேய்க்க ஆரம்பித்தேன்.

அப்போது மாமியார் போட்டோ கண்ணில் பட்டது. விளக்குப் புகையும் கற்பூரப் புகையும் ஏறிக் கண்ணாடி கறுத்திருந்தது. பின்பக்கம் நான்கு சின்ன ஆணி. பிடுங்கினேன். கண்ணாடியைக் கழுவிச் சாய்த்து வைத்தேன். கையில் வெறும் அட்டைப் படம் இருந்தது. ஓரமாகப் புகை உள்ளேயும் போயிருந்தது போலத் தோன்றியது.

கழுவலாம் என்று முடிவு செய்தேன். எதைப் போட்டுக் கழுவுவது? சாம்பல் போட்டால் மரியாதை இல்லை, மாமியார் ஆயிற்றே. பொம்பளைக்கு எது உகந்தது? சீயக்காய். ஒரு கை அள்ளிக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. போட்டோவைக் குளிப்பாட்டக் கூடாது என்கிற பாடம் மூன்றாம் வகுப்பில் இருந்ததோ என்னவோ.

குழந்தைக்குக் கன்னம் தேய்ப்பது மாதிரி, கட்டை விரலால் வட்டம் வட்டமாக, பதமாகத்தான் தேய்த்தேன். வலது கன்னத்தில் ஆரம்பித்தேன். தண்ணீர் சாம்பல் நிறத்தில் இறங்கியது. அழுக்கு போகிறது என்று சந்தோஷமாக இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். போனது மாமியார்.

நுரை விலகியபோது இடது கண் மட்டும் மங்கலாக மிச்சமிருந்தது. அது என்னைப் பார்த்தது. கை நின்றுவிட்டது. வெயிலில் காய்ந்ததும் அந்தக் கண்ணும் பழுப்புக்குள் போய்விட்டது.

வாசலில் ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது. அட்டையை அதன் மூக்குக்குக் கீழே வைத்துவிட்டு நான் அலறிய அலறலில் மாமனார் ஓடிவந்தார்.

"காயவெச்சிருந்தேன் மாமா, இது நக்கிப்போட்டுச்சு!"

மாமனார் அட்டையைப் பார்த்தார், கன்றுக்குட்டியைப் பார்த்தார். அந்த வாரமே பாப்பாரப்பட்டிச் சந்தையில் அதை விற்றுவிட்டு வந்தார். அது தெருக்கோடி வரைக்கும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. எந்த மாட்டையும் நேருக்கு நேர் பார்க்க எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கூச்சம்தான்.

இவர் அப்போது இருபத்திரண்டு வயது ஆள். தினமும் காட்டு வேலைக்குப் போகுமுன் அந்தப் படத்துக்கு எதிரில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார். அதற்குப் பிறகும் நின்றார். முகமில்லாத படத்துக்கு எதிரில் ஐம்பது வருடமாக நின்றார். நான் பின்னால் அடுப்படியில் ஏதாவது பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன்.

கெட்டிக்காரக் கன்று

பாலக்கோட்டில் நஸீமா என்று ஒரு பெண் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். என் பேரன் கல்யாண ஆல்பம் அவள் கைவேலைதான். அவள் அப்பா தகரப் பெட்டி செய்து விற்றவர். மகள் கம்ப்யூட்டர் படித்து, கிழிந்த போட்டோ, கரையான் அரித்த போட்டோ எல்லாவற்றையும் சரிசெய்து கொடுக்கிறாள். ஆல்பம் வாங்கப் போனபோது ஒரு தாத்தாவுக்கு அவள் காது முளைக்க வைத்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"பிரேமு கரையான் புடிச்சிருக்கு, மாத்திட்டு வரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து ஊற்றுகிற வேலையை மருமகளிடம் விட்டேன். என் கணக்கு இதுதான்: முகத்தை வரவழைத்து அவர் கையில் கொடுத்துவிட்டால், உண்மையைச் சொல்லாமலே தப்பித்துக்கொள்ளலாம்.

நஸீமா பிரேமைக் கழற்றி, படத்தை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னாச்சு ஆயா இது?"

"கன்னுக்குட்டி நக்கிடுச்சு, கண்ணு."

"எங்க வூட்லயும் ஆடு இருந்துச்சு ஆயா. நாக்கு போட்டா ஒரே பக்கமா இழுத்துட்டுப் போவும். இது ரவுண்டு ரவுண்டாப் போயிருக்கே."

"அது கொஞ்சம் கெட்டிக்காரக் கன்னு."

"நாக்கு கட்டை வெரல் அகலந்தான் இருந்துச்சா?"

"சின்னக் கன்னு கண்ணு, பொறந்து எட்டு நாளுதான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, படத்தை மெஷினில் கவிழ்த்து வைத்தாள். பெரிதாகத் திரையில் வந்தது. "இந்தக் காப்பிக் கலரு என்ன ஆயா? எச்சி பட்டா இப்பிடி ஆகாதே."

"பழசானா எல்லாம் அப்பிடித்தான் ஆவும். என்னைப் பாரு."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. "மூஞ்சி கிட்டத்தட்ட போயிருச்சு ஆயா. மிச்சம் இருக்கிற நெழலை வெச்சு கம்ப்யூட்டரே ஒரு மூஞ்சியை யூகிச்சு வரையும். அது அவங்க மூஞ்சியா இருக்கும்னு என்னால சொல்ல முடியாது. பரவால்லையா?"

"மூஞ்சின்னு ஒண்ணு வரட்டும் கண்ணு," என்றேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதுதான் என் இரண்டாவது தப்பு.

"இவங்க யாரு?"

மூன்று நாளில் படம் வந்தது. நல்ல நிறம், எலுமிச்சம்பழம் மாதிரி கன்னம், வாய் நிறையப் பல் தெரியச் சிரிப்பு. நகைக்கடைக் காலண்டரில் வரும் பெண்ணைப் பிடித்து என் மாமியார் சேலைக்குள் உட்கார வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இருக்காங்க. இவங்க யாரு?"

அம்மாவைப் பற்றிப் பேசும்போது அவர் 'அவ' என்றுதான் சொல்வார். 'எங்கம்மா இருந்திருந்தா அவ விட்டிருக்க மாட்டா' என்பார். அவர் வாயிலிருந்து 'இவங்க' என்று மரியாதை வந்ததும் நான் அவசரமாக முந்திக்கொண்டேன்.

"உங்கம்மாதாங்க. கம்ப்யூட்டர்ல போட்டு..."

"எங்கம்மா போட்டோவுல வாயே தொறக்கலையே. முன்பல்லு ஒண்ணு இல்லன்னு உதட்டை இறுக்கிட்டு உக்காந்திருப்பா. அப்பாதான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு." படத்தைக் கவிழ்த்து வைத்தார். "இதை எடுத்துட்டுப் போயிரு. எனக்கு இப்பவே அவ மூஞ்சி பாதிக்கு மேல மறந்துபோச்சு. நாலு நாளு இதைப் பாத்தேன்னா இதுதான் அம்மான்னு மனசு நம்பிரும். இருக்கிற கொஞ்சமும் போயிரும்."

ஒருமுறை அவளை அழித்தேன். இப்போது பஸ் ஏறிப் போய் இன்னொரு முறை அழித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இதற்குமேல் எந்தக் கன்றுக்குட்டியைப் பிடிப்பது?

"ஏங்க, கன்னுக்குட்டி நக்கல. நான்தான் தேச்சேன்," என்றேன்.

ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சீயக்காயா?"

"சாம்பல் போட்டா மரியாதை இல்லைன்னு..."

அவர் குரல் உயர்ந்தது. "கன்னு நக்கினது இனி திரும்பாதுன்னு விட்டுட்டேன். அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே டவுனுக்கு எடுத்துட்டு ஓடியிருப்பேனே! ஐம்பது வருசம் வாயை மூடிட்டு இருந்திருக்கியே. என்னைப் பாத்தா அவ்வளவு பயமா?"

"உங்களைப் பாத்து பயமில்லீங்க. நீங்க தெனமும் அது முன்னால போயி நின்னீங்களே, அதைப் பாத்துப் பயம்."

எழுந்து தக்காளிக் காட்டுக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. களி கிண்டி வைத்திருந்தேன். ஆறிக் கல்லாகிவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கேலியும் தோன்றாமல் அவ்வளவு நேரம் நான் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

பொழுது சாயும்போது வந்தார். கால் கழுவினார். எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கம் மொதல்ல தேச்ச?"

"வலது கன்னங்க."

"கடைசியா எது நின்னுச்சு?"

"இடது கண்ணு. அது என்னைப் பாத்துச்சு. கை நின்னுபோச்சு."

"அப்படின்னா அந்தப் பக்கம் கொறச்சலாத்தான் தேஞ்சிருக்கும். காலையில போலாம். அந்தப் பொண்ணுகிட்ட சீயக்காயைச் சொல்லு."

அந்த ஆறிப்போன களியை உடைத்து, மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தார். நானும் குடித்தேன்.

காப்பிக் கலர்

நஸீமாவிடம் சொன்னேன். மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "கெட்டிக்காரக் கன்னு ஆயா நீங்க!" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டவள் திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"இருங்க ஆயா. அப்ப இந்தக் காப்பிக் கலரு மொத்தமும் சீயக்காய்க் கறையா?"

"பின்ன? ஒரு கை அள்ளிப் போட்டேனே."

"நான் இதைக் கன்னத்து நெழலுன்னு இல்ல நெனச்சேன்! கம்ப்யூட்டரும் அதை நெழலுன்னு நம்பி, கறை மேலயே மூஞ்சியை வரைஞ்சிருச்சு. இது கறைன்னா வேற வழி இருக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒரு படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தட்டாகப் பிரிக்கலாமாம். இந்த மாதிரிப் பழுப்புக் கறை நீலத் தட்டில்தான் அதிகமாக ஒட்டியிருக்குமாம், சிவப்புத் தட்டில் அவ்வளவாகத் தெரியாதாம். நீலத்தைத் தூக்கி ஓரம் வைத்தாள். பச்சையை எடுத்தாள். சிவப்புத் தட்டு மட்டும் கறுப்பு வெள்ளையாக நின்றது.

காப்பிக் கலர் போய்விட்டது. அந்த இடத்தில், பால் கலந்த தண்ணீர் மாதிரி, என்னவோ இருந்தது.

பிரேமின் விளிம்புக்கு அடியில் வெளிச்சமே படாத ஒரு ஓரம் இருந்தது. எடுத்த காலத்தில் படம் எவ்வளவு கறுப்பு என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அந்த அளவுக்கு மற்ற இடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள்.

முதலில் இடது புருவம் வந்தது. பிறகு அதன் கீழே கண். எனக்கு அந்தக் கண்ணைத் தெரியும். அதைப் பார்த்ததும் என் கட்டை விரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

நஸீமா புருவத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டின்மேல் மவுஸின் அம்பைக் கொண்டுபோனாள். "இந்தக் கீறலை எடுத்துர்றேன்."

"இரும்மா!" இவர் எழுந்தே விட்டார். "அது கீறல் இல்ல. அங்க புருவம் வெட்டியிருக்கும். சின்னதுல கெணத்து ஏத்தத்துல விழுந்தாளாம். இத்தனை நாளும் எனக்கு இது ஞாபகமே வரலையே... பாத்ததும் வருதே!"

நஸீமா கையை எடுத்துவிட்டாள். அதன்பிறகு எந்தப் புள்ளியைத் தொட்டாலும் "தாத்தா, இது?" என்று கேட்டாள். "அது தூசி, எடு." "அது அவ மச்சம், விடு." ஒரு மணி நேரம் இரண்டு பேரும் இப்படியே பேசிக்கொண்டார்கள். இடது கன்னத்து எலும்பு வந்தது. மூக்கில் பாதி வந்தது. கடைசியாக, இறுக்கி மூடிய உதட்டில் முக்கால்வாசி வந்தது. அந்த இறுக்கத்தைப் பார்த்ததும் அவர் சின்னதாகச் சிரித்துவிட்டார். ஐந்து வயதில் அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

வலது பக்கம் எதுவும் வரவில்லை. நான் ஆரம்பித்த இடம் வெள்ளையாகவே நின்றது.

"தாத்தா, இந்தப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் ஒட்டிரலாம். முழு மூஞ்சியாயிரும். யாருக்கும் தெரியாது," என்றாள் நஸீமா.

அவர் யோசித்தார். எனக்கு "ஒட்டிடு கண்ணு" என்று கத்தவேண்டும் போல இருந்தது. அந்த வெள்ளை என் கையெழுத்து. அது போய்விட்டால் எனக்கு எவ்வளவு நிம்மதி!

"வேண்டாம்மா," என்றார். "அந்தப் பக்கம் எனக்கும் ஞாபகமில்ல, உனக்கும் தெரியாது. தெரியாததைப் போட்டா, தெரிஞ்சதையும் சந்தேகமாப் பாக்கணும். இவ்வளவும் அவதான். இவ்வளவு போதும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஏ புள்ள. இந்த வூட்டுக்கு வந்து எந்த வேலையைத்தான் நீ முழுசாச் செஞ்சிருக்க? நல்ல வேளை. அன்னைக்கும் பாதியிலயே விட்டிருக்க."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். இப்படி எடுத்துக்கொடுத்த இடத்தில் சும்மா விடுகிற ஆளா நான்? முந்தானைக்குள்ளிருந்த கட்டை விரலை வெளியே எடுத்தேன், அவ்வளவுதான். நஸீமா திரைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சேவ் பண்ணிட்டேன், சேவ் பண்ணிட்டேன்" என்று மூன்று தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்று டிக்கெட்

பக்கத்துக் கடையில் பிரேம் போட்டுக் கொடுத்தார்கள். பேப்பர் சுற்ற வந்த கடைக்காரரைத் தடுத்துவிட்டு இவர் அப்படியே கையில் வாங்கிக்கொண்டார். டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். நான் ஜன்னலோரம். அவர் மடியில் படம். வெயில் பட்டால் சாய்த்துப் பிடிப்பதும், பஸ் குலுங்கினால் அணைத்துக்கொள்வதுமாக இருந்தார்.

கண்டக்டர் வந்தார். "எத்தனை தாத்தா?"

"மூணு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொன்னாரா, வாய் தவறியதா என்று தெரியவில்லை. கண்டக்டர் எங்களுக்குப் பின்னாலும் முன்னாலும் மூன்றாவது ஆளைத் தேடினார். பிறகு மடியில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தார். பாதி முகத்தோடு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, என் மாமியார் அவரைப் பார்த்தாள்.

"யாருங்க?"

"எங்கம்மா."

மீதி முகம் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

"பொம்பளைங்க ரெண்டு பேருக்கும் ஃப்ரீ தாத்தா. உங்க ஒருத்தருக்கு மட்டும் காசு குடுங்க," என்று மூன்று டிக்கெட்டைக் கிழித்து அவர் கையில் வைத்தார். விசில் ஊதப் போனவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் ஆயா, பெரியவங்க வந்திருக்காங்க. ஜன்னல் சீட்டைக் குடுக்க மாட்டீங்களா?"

நான் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தேன்.